அறுபது கிலோ அதிகம்

போன் அலறியது.

அமுதவல்லியின் தலை காரின் தரையில் கிடந்தது. கால்கள் இரண்டும், சீட் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன.

பிணம் என்று நினைத்துவிட வேண்டாம். காரின் தரைவிரிப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்!

"நாச்சிமுத்தண்ணா, அந்த போன எடுத்து எங் காதுல வைங்க. கையெல்லாம் பசை."

ஏதோ புது நம்பர். நாச்சிமுத்து குனிந்து வைத்தார்.

"யாருங்க?"

மறுமுனையில் ஒரு குரல். மூக்கைப் பொத்திக்கொண்டு, ஈரத் துண்டு வழியாகப் பேசுவது போன்ற குரல். பின்னால் கோழிகள் கொக்கரித்தன. அதைத் துப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாமக்கல் மாவட்டத்தில் கோழிச் சத்தம் இல்லாமல் போன் பேசுவதென்றால் கிணற்றுக்குள் இறங்கித்தான் பேச வேண்டும்!

"அந்தச் செவப்பு வண்டியக் கழட்டாதீங்க..."

"ஏனுங்க?"

"கழட்டினா... உசுருக்கு உத்தரவாதம் இல்லைங்க."

"முக்காவாசி கழட்டியாச்சுங்களே. திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமுங்க."

 மிரட்டியவனுக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போல.

"மிச்சத்தையாவது... கழட்டாதீங்க."

டொக்!

நாச்சிமுத்து போனைத் தன் சட்டையில் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"யாரு அம்மிணி?"

"கொன்னுபோடுவாங்களாமா."

"எப்பவாமா?"

"நேரம் சொல்லலீங்க."

"அப்ப அந்தக் கடைசி போல்ட்ட மொதல்ல கழட்டிருங்க."

அமுதவல்லிக்கு வயது நாற்பத்தொன்பது. திருச்செங்கோடு ரோட்டில் நான்கு போர்வெல் ரிக் வண்டிகளுக்கு முதலாளி. ஆட்டோக்காரன் நுழையவே சாமி கும்பிடும் சந்தில், ரிக் லாரியைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நடுவில் ஒரு வாய் காபியும் குடிப்பவள்.

நாச்சிமுத்து அவளுடைய தலைமை மெக்கானிக். அறுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து வருடமாக ரிக் இன்ஜினோடு குடும்பம் நடத்துகிறார். தன் முழங்கையைவிடச் சின்ன ஸ்பேனரைத் தொடுவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறவர்.

அந்தச் சிவப்பு வண்டி?

இரண்டே சீட். பதினைந்து வயது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். முதல் நாள் அதைப் பார்த்த நாச்சிமுத்து, "இதுக்கு பார்ட்ஸ் எந்தப் பொம்மைக் கடைல வாங்கறது?" என்று கேட்டார். மூன்றாம் நாள், இன்ஜினைத் திறந்தவர் ஒரு மணி நேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. நான்காம் நாளிலிருந்து, வண்டிக்கு வெயில் படுகிறது என்று தன் வேட்டியை அவிழ்த்துப் போர்த்த ஆரம்பித்துவிட்டார்!

பத்து நாளைக்கு முன்னால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது. விற்றவர் ராஜம்மாள் என்கிற அம்மா.

"நம்பரைக் கூட்டினா எட்டு வருது கண்ணு. எட்டு வீட்டுக்கு ஆகாது. எம் பையன் கேட்டா குடுக்க மாட்டான். பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்கான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள ஓட்டிக்கிட்டுப் போயிடு."

அமுதவல்லி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

எதற்கு? வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு!

அன்றைக்குக் கோயமுத்தூரில் ரேஸ் ட்ராக்கை என்னையும் உங்களையும் போன்றவர்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். சொந்த வண்டியோடு போகலாம். எதிரே லாரி வராத, மாடு குறுக்கே வராத, போலீஸ் கை காட்டாத ரோட்டில் இருபது இருபது நிமிடமாக மிதிக்கலாம். அந்த ஒரு நாளுக்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். காலை ஏழு மணிக்கு வண்டியைச் சோதனை போடுவார்கள். தேறினால் உள்ளே. தேறாவிட்டால் வேலிக்கு வெளியே நின்று அடுத்தவன் புகையைக் குடிக்க வேண்டியதுதான்.

அதனால்தான் இந்த அறுவை சிகிச்சை. பிரேக் ஆயில் மாற்றியாயிற்று. பழையது நாலு சுற்றில் கொதித்துப்போய்க் காலை வாரிவிடும். புது பிரேக் பேடு. புது டயர். முன்னால் இழுவைக் கொக்கி. டிரைவர் சீட் பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர். பிறகு எடைக் குறைப்பு. ஏசி அவுட்! ரேடியோ அவுட்! ஸ்டெப்னி அவுட்! இடப்பக்கத்து சீட் அவுட்!

"அம்மிணி..."

வாசலில் சாப்பாட்டுக் கேரியரோடு ஒரு உருவம். அன்பரசு. அமுதவல்லியின் புருஷன். இருபதாயிரம் முட்டைக் கோழிகளுக்கு எஜமானர். ஸ்கூட்டரில் இருபத்தைந்துக்கு மேல் போகாதவர். நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குக்கூட ஹாரன் அடித்துவிட்டுக் கடப்பவர்.

"வாங்க மாமா. கிட்ட வாங்க. கடிக்காது."

"இங்கிருந்தே பாக்கறேன். உள்ள ஒண்ணுமே இல்லையே அம்மிணி. இதுல எப்படி உக்காந்து..."

"ஒரு சீட்டு இருக்குதில்லீங்க?"

"நீ சொன்ன வேகம் நெசமாவே போகுமா?"

"எரநூறு போகும்னு போட்டிருக்குது மாமா."

அன்பரசு கேரியரைத் தரையில் வைத்தார். வைத்த வேகத்தில் ரசம் ரோட்டுக்கு வந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.

கண்ணுசாமியின் எடை மேடை. கோழித் தீவன லாரிகள் வரிசை கட்டும் இடம். தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்பு மேடை. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் கண்ணுசாமி. மீசை மட்டுமே நாலு கிலோ தேறும்!

சிவப்பு வண்டி மேடை ஏறியது. அமுதவல்லி இறங்கி ஓரமாக நின்றாள்.

கண்ணுசாமி சீட்டை நீட்டினார்.

"ஆயிரத்து முப்பது."

அமுதவல்லி நெற்றியைச் சுருக்கினாள்.

"இல்லீங்களே. வண்டியோட புஸ்தகத்துல டேங்க் நெறையப் பெட்ரோலோட ஆயிரத்து எம்பதுன்னு போட்டிருக்குது. கழட்டின சாமானெல்லாம் எங்க மாமா தீவனத் தராசுல வெச்சுப் பாத்தேன். நூத்திப் பத்து. அப்ப தொள்ளாயிரத்து எழுவது வரோணுமுங்க."

"அம்மிணி உள்ளார உக்காந்திருந்தீங்களாட்டம் இருக்குது."

"நான் அறுவது கிலோதான்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. கீழதான் நின்னேன்."

"அப்ப புஸ்தகம் தப்பு."

"மேடை தப்பா இருக்குமுங்க" என்றார் நாச்சிமுத்து.

கண்ணுசாமி கூண்டைவிட்டு வெளியே வந்தார். அவர் வெளியே வந்தால் ஒன்று மழை வரும், அல்லது சண்டை வரும்.

"ஏனுங்க பெரியவரே, அஞ்சு கிலோ தப்பாக் காட்டினாக் கோழிப்பண்ணைக்காரங்க என்னைய இந்த மேடையிலயே படுக்கப் போட்டு எடை பாப்பாங்க. என் மேடை பொய் பேசாது."

அப்படியானால்... அறுபது கிலோ எங்கிருந்து வந்தது?

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். பிறகு திடீரென்று சொறிவதை நிறுத்தினார்.

"அம்மிணி, லோடு ஒரு பக்கமா சாஞ்ச லாரிய நாம எப்படிக் கண்டுபிடிக்கறோம்?"

"ஒரு பக்கத்துச் சக்கரத்த மட்டும் மேடைல ஏத்தி..."

சொல்லி முடிப்பதற்குள் வண்டிக்குள் இருந்தாள்!

இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றிவிட்டு இறங்கினாள். ஐந்நூற்று நாற்பத்தைந்து.

வலப்பக்கச் சக்கரங்கள் மட்டும். நானூற்று எண்பத்தைந்து.

அறுபது கிலோவும் இடப்பக்கத்தில்!

"சீட்டே இல்லாத பக்கம்" என்றாள் அமுதவல்லி மெதுவாக.

லாரி டயரில் காற்று இருக்கிறதா என்று இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்களே, அந்தக் கம்பியை எடுத்தார் நாச்சிமுத்து. காது கொடுத்தபடி இடப்பக்கம் முழுக்கத் தட்டினார்.

டங்... டங்... டங்...

தொப்.

கதவுக்குக் கீழே, காரின் நீளத்துக்கு ஓடும் தகரப் பெட்டி. காலை வைத்து ஏறும் படி. உள்ளே காற்றைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாத இடம்.

*

ஷெட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினார்கள். படியின் உள்பக்கத்தில் புதுசாக ஒட்டிய ரப்பர். அதைச் சுரண்டினால் புதுசாக வைத்த வெல்டிங். கிரைண்டர் கத்தியது. தகரம் வாயைப் பிளந்தது.

உள்ளே... கறுப்புத் துணியில் சுற்றிய கட்டிகள்!

ஒன்றைப் பிரித்தாள். தகதக என்று முகத்தில் அடித்தது.

"ஈயமா?" என்றார் நாச்சிமுத்து.

"வெள்ளிங்க."

பன்னிரண்டு கட்டிகள். ஒவ்வொன்றும் ஐந்து கிலோ.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் திருட்டு. அறுபது கிலோ வெள்ளி மாயம். அதற்குப் பிறகு சேலத்து டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. திருடன் சுரங்கம் தோண்டினான் என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர், ஹெலிகாப்டரில் வந்தான் என்றார்கள்.

"அம்மிணி, போலீஸுக்குப் போனப் போடுங்க."

"போடலாமுங்க..."

அவள் வண்டியைப் பார்த்தாள். நாச்சிமுத்துவும் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே காட்சி மனதில் ஓடியது.

போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடி!

கேஸில் மாட்டிய வண்டிகளின் சுடுகாடு. அங்கே ஒரு டெம்போவுக்குள் நாலு தலைமுறை நாய்கள் பிறந்து வளர்ந்திருக்கின்றன. ஒரு வேனின் பானெட்டைப் பிளந்துகொண்டு பப்பாளி மரம் முளைத்து, மூன்று இன்ஸ்பெக்டர்கள் பழம் சாப்பிட்டுவிட்டு டிரான்ஸ்பரில் போய்விட்டார்கள்!

"சாட்சி வண்டின்னு எழுதி எடுத்துட்டுப் போயிருவாங்க" என்றாள். புது டயரைத் தடவினாள். "நாளன்னிக்கு நான் ட்ராக்குல நிக்கோணும்ணா. ரெண்டு வருசம் காத்திருந்தேன். கேஸு முடியறப்போ எனக்கு எழுவது வயசாயிரும்."

"அதுக்காகத் திருட்டுச் சாமான வெச்சுக்க முடியுமா?"

"வெச்சுக்கச் சொல்லலீங்க. வெள்ளி போலீஸுக்குப் போகோணும். திருடன் ஜெயிலுக்குப் போகோணும். நம்ம வண்டி கோயமுத்தூருக்குப் போகோணும்."

"மூணும் எப்படி..."

போன் அடித்தது. அதே குரல்! அதே ஈரத் துண்டு!

"இன்னும் கழட்டிட்டுத்தான் இருக்கீங்களா?"

அமுதவல்லியின் கண்களில் ஒரு வெளிச்சம் வந்தது. நாச்சிமுத்து அந்த வெளிச்சத்தை முன்பு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். அன்றைக்கு எண்ணூறு அடியில் பாறையில் சிக்கிய குழாயை அவள் வெளியே இழுத்துவிட்டாள்.

"கழட்டி முடிச்சாச்சுங்க. நீங்க தேடற சாமான் எங்கிட்டத்தான் இருக்குது."

"...என்ன சாமான்?"

"நடிக்காதீங்க. அறுவது கிலோ. வெள்ளிக் கட்டி."

மறுமுனையில் ஒரு கோழி மட்டும் 'கொக்' என்றது.

"வெ... வெள்ளியா?"

"நாளைக்குக் காலைல ஒம்பது மணி. கண்ணுசாமி எடை மேடை. உங்க வண்டியக் கொண்டாந்து ஏத்திட்டுப் போங்க. எனக்கு வெள்ளியும் வேண்டாம், வம்பும் வேண்டாம். என் வண்டிய மட்டும் உட்டுருங்க."

மறுமுனையில் போன் கீழே விழும் சத்தம். இறக்கைகள் படபடக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"பயந்துட்டான்" என்றாள் திருப்தியாக.

"மாப்பிள்ளைக்குச் சொல்லோணுமுங்களா?"

"வேண்டாங்க. அவரு பல்லி விழுந்தாவே படுத்துக்குவாரு."

*

சனிக்கிழமை காலை எட்டு ஐம்பது.

சிவப்பு வண்டி ரிக் கம்பெனி லாரியின் மேல் ஏறி, தார்ப்பாய் போர்த்தி, கோயமுத்தூர் புறப்படத் தயாராக நின்றது. அதற்குக் கீழே, முட்டை அட்டைப் பெட்டிகளில் வெள்ளி.

அமுதவல்லி ஏற்கெனவே இன்ஸ்பெக்டர் சுகன்யாவுக்கு போன் செய்திருந்தாள். "செவ்வாய்ப்பேட்டை வெள்ளி ஒரு வண்டில போகுதுங்க மேடம். ஒம்பதரைக்குக் கண்ணுசாமி எடை மேடைக்கு வந்தீங்கன்னாப் புடிச்சுக்கலாம்." பெயர் சொல்லவில்லை.

சரியாக ஒன்பது மணி. ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து நின்றது.

இறங்கியவன் நெற்றி நிறைய விபூதி. கழுத்தில் துளசி மாலை. இரண்டு காலிலும் கட்டு. நொண்டி நொண்டி நடந்தான்.

"நீங்கதான் அமுதவல்லியா? நான் பிரபாகர். எங்கம்மாதான் உங்களுக்கு வண்டிய வித்தது."

அட! ராஜம்மாளின் மகன்! செவ்வாய்ப்பேட்டையிலேயே வெள்ளி வியாபாரம் செய்கிறவன். திருட்டு நல்லபடியாக முடிந்ததற்குப் பழனி முருகனுக்கு நன்றி சொல்லப் பத்து நாள் நடந்துபோயிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் அம்மா எட்டாம் நம்பரை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாள்!

"கால்ல என்னாச்சுங்க?" என்றாள் அமுதவல்லி.

"கொப்புளம். சாமான் எங்க?"

பெட்டிகளைக் காட்டினாள். அவனும் கூட வந்த டிரைவரும் தூக்கிக் காரின் டிக்கியில் அடுக்கினார்கள். மணி ஒன்பது எட்டு.

பிரபாகர் கையைத் தட்டிக்கொண்டான்.

"அந்த சிவப்பு வண்டி சாவி?"

"அது எதுக்குங்க? வண்டிய உட்டுருங்கன்னு சொன்னேனே."

"படிய அறுத்திருக்கீங்க. நாளைக்கு ஒரு போலீஸ்காரன் பாத்தா நான் மாட்டுவேன். ஆத்தோரமா கொண்டுபோய் பெட்ரோல் ஊத்திக் கொளுத்திடப் போறேன்."

சட்டையைத் தூக்கினான். இடுப்பில் கத்தி. தேங்காய் வெட்டுகிற அளவுக்கு நீளம்!

கொளுத்துவதா!

அமுதவல்லி மணியைப் பார்த்தாள். போலீஸ் வர இன்னும் இருபத்திரண்டு நிமிடம். புது டயர்... புது பிரேக் பேடு... நாச்சிமுத்துவின் வேட்டி...

கண்ணில் எடை மேடை பட்டது.

"தாராளமாக் கொளுத்துங்க" என்றாள். "அதுக்கு முன்னால ஒண்ணு. அறுவது கிலோ சரியா இருக்குதான்னு எடை போட்டுக்குங்க. பொறவு அமுதவல்லி ஒரு கட்டிய எடுத்து வெச்சுக்கிட்டான்னு பேச்சு வரப்புடாது."

பிரபாகரின் கால் நின்றது.

கவனியுங்கள். இவன் பரம்பரை வெள்ளிக்காரன். அவன் தாத்தா தன் கல்யாணத்தன்று பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கொலுசைத் தராசில் வைத்துப் பார்த்த வம்சம்! எடை போடாமல் வெள்ளியை வாங்குவது அவனுக்கு வேட்டி இல்லாமல் கடைவீதியில் நடப்பது மாதிரி. முடியாது. உடம்பே ஒத்துழைக்காது.

"பெட்டிய எறக்கு" என்றான் டிரைவரிடம். "காலி வண்டிய மொதல்ல மேடையில ஏத்திட்டு நீ எறங்கு."

வெள்ளைக் கார் ஏறியது. கண்ணுசாமி சீட்டு போட்டார். பெட்டிகளை ஏற்றினார்கள். மறுபடி மேடை. மறுபடி சீட்டு.

பிரபாகர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். முகம் கறுத்தது.

"அம்பத்தஞ்சுதான் வருது."

"அப்படிங்களா?" என்றாள் அமுதவல்லி, வாயில் வெண்ணெய் வைத்தாற்போல. பன்னிரண்டாவது கட்டி நாச்சிமுத்துவின் டூல்ஸ் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"அஞ்சு கிலோ எங்க?"

"டிரைவர் எறங்கினாருங்களா?" என்று கூண்டிலிருந்து கேட்டார் கண்ணுசாமி. "டிரைவர் உக்காந்துட்டே எடை போட்டாக் குழப்பம் வரும். எதுக்கும் மறுபடி போடலாம்."

மறுபடி. மூன்றாவது சீட்டு. மறுபடி ஐம்பத்தைந்து!

"மேடை சரியில்ல" என்றான் பிரபாகர்.

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

கண்ணுசாமி கூண்டைவிட்டு வெளியே வந்தார். "ஏனுங்க தம்பி. இன்னொருக்காச் சொல்லுங்க."

"அஞ்சு கிலோ குறையுதுய்யா."

"குறையறது உங்க சாமான். என் மேடை இல்லீங்க. கட்டிய ஒண்ணொண்ணா எறக்குங்க. தனித்தனியாப் போட்டுக் காட்டறேன்."

பிரபாகர் இறக்கினான். பதினொரு கட்டிகள்! நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. அவன் எண்ணினான். திரும்ப எண்ணினான். வெள்ளியைப் பார்க்கும்போது வெள்ளிக்காரனுக்கு உலகம் தெரியாது. முன்னால் ஒரு தீவன லாரி வந்து ஒட்டி நின்றது தெரியவில்லை. பின்னால் இன்னொரு லாரி வந்து மூச்சு விட்டது தெரியவில்லை. இரண்டு பக்கமும் இடுப்பு உயரச் சுவர்.

கடைசியில் நிமிர்ந்தபோது அவன் முன்னால் நின்றது கண்ணுசாமி இல்லை.

"எண்ணி முடிச்சுட்டீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர் சுகன்யா. "இல்ல, நாங்க காத்திருக்கவா?"

பிரபாகர் ஓடப் பார்த்தான். பத்து நாள் நடந்த கால்! நாலாவது அடியில் ஒரு கொப்புளம் உடைந்து, அவன் தானாகவே உட்கார்ந்துவிட்டான். கத்தியை ஒரு கான்ஸ்டபிள் நிதானமாக எடுத்துக்கொண்டார்.

கண்ணுசாமி சீட்டுகளை நீட்டினார். வண்டி நம்பர், தேதி, மணி, எடை. எல்லாம் அச்சில்.

"காலி வண்டிக்கு ஒண்ணுங்க மேடம். சரக்கோட ரெண்டு. குத்தவாளியே கேட்டு வாங்கின சீட்டு."

சுகன்யா சிரித்துவிட்டார். "என் சர்வீஸ்ல எந்தத் திருடனும் இவ்வளவு சுத்தமா ஆதாரம் தயார் பண்ணிக் குடுத்ததில்ல."

"மேடம்" என்று தரையிலிருந்து கத்தினான் பிரபாகர். "வெள்ளி இருந்தது என் கார்ல இல்ல. அந்தச் சிவப்பு வண்டியில. அதையும் எடுத்துட்டுப் போங்க."



சுகன்யா லாரிமேல் ஏறினார். தார்ப்பாயை விலக்கினார். நீண்ட நேரம் பார்த்தார்.

ஓடிவிடலாமா என்று அமுதவல்லிக்கு ஒரு கணம் தோன்றியது. ஓடவில்லை. டூல்ஸ் பெட்டியைத் திறந்து பன்னிரண்டாவது கட்டியை எடுத்தாள். கூடவே படியிலிருந்து அறுத்த தகரம், சுரண்டிய ரப்பர், கறுப்புத் துணி, முந்தின நாள் எடை போட்ட சீட்டுகள். எல்லாவற்றையும் சுகன்யா முன்னால் வைத்தாள்.

"அவன் சொல்றது நெசந்தானுங்க மேடம். உங்களுக்கு போன் பண்ணினதும் நான்தான். ரெண்டு நாளா போன்ல மெரட்டினான், நேத்து நான்தான் இங்க வரச் சொன்னேன். நேத்தே சொல்லியிருக்கோணும். சொன்னா வண்டிய வேப்பமரத்தடில போட்டுருவீங்கன்னு பயந்துட்டேன். நாளைக்கு ட்ராக்குல ஓட்டோணும். அதுக்குத்தான் இத்தனையும்."

சுகன்யா தகரத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு வண்டியை. பிறகு அவளை.

"தப்புதான் பண்ணியிருக்கீங்க. வாக்குமூலத்துல ஒண்ணு விடாம எழுதித் தரணும்."

"எழுதறேனுங்க."

"இந்தத் தகரமும் துணியும் எனக்கு வேணும். வண்டிய இப்பவே போட்டோ எடுத்துக்கறேன். திங்கக்கிழமை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து காட்டணும். கோர்ட்டு கேக்கறப்பல்லாம் காட்டணும்." கொஞ்சம் நிறுத்தினார். "இத இப்ப எடுத்துட்டுப் போனா சீட்டு எங்க, ஏசி எங்க, ஸ்டெப்னி எங்கன்னு என்னத்தான் கேப்பாங்க. நானே கழட்டி வித்துட்டேன்னு மெமோ வரும்."

அமுதவல்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாச்சிமுத்துவுக்குத் தெரிந்திருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் புரியல" என்று பிரபாகர் பக்கம் திரும்பினார் சுகன்யா. "ஏன்யா, ரெண்டு நாளா இவங்களுக்கு எதுக்கு மிரட்டல் போன் பண்ணின?"

பிரபாகர் விழித்தான்.

"நானா? பத்து நாளா விரதம் மேடம். போனத் தொடவே இல்ல. நேத்து சாயந்திரம்தான் ஊருக்கு வந்தேன். வண்டி எங்கன்னு நான் அம்மாவைக் கேட்டுக்கிட்டு நிக்கறப்போ ஒரு ஆளு கடைக்குள்ள வந்து அழுதாரு. 'எம் பொண்டாட்டிக்கு என்ன வண்டிய வித்தீங்க, அதுக்குள்ள வெள்ளி இருக்குதாமா, நாளைக்கு ஒம்பது மணிக்கு எடை மேடையில குடுக்கறாளாமா'ன்னு. அட்ரஸு, நேரம் எல்லாம் அவரே சொன்னாரு. அதனாலதான் வந்தேன்."

"எந்த ஆளு?"

"அதோ. அந்த முட்டை வேனுக்குப் பின்னாடி பாதி தெரியறாரே... அவருதான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

அன்பரசு!

வெளியே வந்தார். கையில் ஈரத் துண்டு இன்னமும் இருந்தது.

"மாமா?"

"அம்மிணி... எரநூறு போகும்னு நீ ஊட்டுல மொத நாளே சொன்னியா... எனக்குச் சோறு எறங்கல. நேர்ல சொன்னாக் கேக்க மாட்டே. அதான் பண்ணை ஆளோட போன்ல மெரட்டினாலாவது..."

"கட்டின பொண்டாட்டியக் கொன்னுபோடுவேன்னு மெரட்டினீங்களா?"

"கொல்லுவேன்னு எங்க சொன்னேன்? உசுருக்கு உத்தரவாதம் இல்லைன்னு சொன்னேன். அத இப்பவுஞ் சொல்றேன். நீ பாட்டுக்கு வெள்ளின்னு சொன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வண்டி வித்தவங்களையே கேட்டுப்போடலாம்னு சேலம் போனேன்."

"இருபத்தஞ்சுல ஓட்டிக்கிட்டா?"

"மூணு மணி நேரம் ஆச்சு."

சுகன்யா தொப்பியைச் சரி செய்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"மிரட்டல் கேஸு போடலாம். புகார் குடுக்கறீங்களா அமுதவல்லி?"

அமுதவல்லி தன் புருஷனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது மாதிரி.

"வேண்டாங்க மேடம். தண்டனைய நானே பாத்துக்கறேன். நாச்சிமுத்தண்ணா... எடதுபக்கத்துச் சீட்டையும் லாரில ஏத்துங்க."

*

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயமுத்தூர். அறுத்த படிக்கு நாச்சிமுத்து ராத்திரியே புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்திருந்தார்; வண்டி எல்லாச் சோதனையிலும் தேறியது. சிவப்பு வண்டி வரிசையில் நின்று உறுமியது.

வலது சீட்டில் அமுதவல்லி. இடது சீட்டில், ஹெல்மெட்டுக்குள், நாலு பட்டை பெல்ட்டுக்குள், எழுபத்தெட்டு கிலோ அன்பரசு. தப்பிக்க வழியில்லாதபடி நாச்சிமுத்து பெல்ட்டை இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டார்.

"மாப்பிள்ளைக்கு வசதியா இருக்குதுங்களா?"

"மூச்சு முட்டுது."

"அப்பச் சரியாத்தான் கட்டியிருக்கறேன்."

பச்சைக் கொடியோடு ஒருவன் முன்னால் வந்தான். அன்பரசு மனைவியின் பக்கம் திரும்பினார். ஹெல்மெட் கண்ணாடி வழியாகக் கண்கள் மட்டும் தெரிந்தன.

"அம்மிணி... மெதுவாத்தானே போவே?"

"ஆமாங்க மாமா, மெதுவாத்தான்" என்று கியரைத் தட்டினாள் அமுதவல்லி. "முன்னாடி போறவன் வழி உடற வரைக்கும்."